கடிகை, மத்ரஸா, கல்லூரி: பன்மைச் சமூகத்தில் பரந்த கல்வியின் நோக்கம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. பள்ளிப் பாடநூல்கள் முதல் அரசியல் மேடைகள் வரை, மக்களாட்சி நமக்குப் புதிதன்று என்பதற்குச் சான்றாக அவை எடுத்துக்காட்டப்படுகின்றன. அப்பெருமிதத்தில் பிழையில்லை. ஆயினும் அக்கல்வெட்டுகளில் நம் கவனம் அதிகம் செல்லாத பகுதி ஒன்று உண்டு. ஓலையில் பெயர் எழுதப்பெறத் தகுதியுடையவர் யார் என்பதே அது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது, இவற்றோடு வேதப் பயிற்சி ஆகியவை வேண்டும். ஒரு வேதத்தையும் ஒரு பாஷ்யத்தையும் ஓதி விளக்க வல்லவராயின், அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகையும் காட்டப்பட்டிருந்தது.

அங்கே கல்வி, ஆட்சியில் பங்குபெறுவதற்கான முன்நிபந்தனை. அக்கல்வியோ பிறப்பால் வரையறுக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், ஆங்கிலேயர் காலத்து மாகாணத் தேர்தல்களிலும் சொத்து, வரி, படிப்பு என்னும் வேலிகள் வேறு வடிவில் நின்றன. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டந்தான் அவ்வேலிகளை ஒரே வீச்சில் அகற்றியது. 1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் சின்னம் பார்த்து வாக்களித்தனர். அதாவது, வரிசை தலைகீழானது. அன்று கற்றவருக்கு ஆட்சியில் இடம் கிடைத்தது; இன்று ஆட்சி எல்லார் கையிலும் கொடுக்கப்பட்டுவிட்டது, அதற்குரிய கல்வி பின்னால் செலுத்தப்பட வேண்டிய கடனாக நிற்கிறது. மேலைநாட்டார் 'லிபரல் எஜுகேஷன்' என்றழைக்கும் கல்வியைப் பற்றிய பேச்சையெல்லாம் இந்தத் தலைகீழ் மாற்றத்தை மனத்திற்கொண்டே தொடங்க வேண்டும்.

அச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'தாராளக் கல்வி' என்று எழுதுவோர் உளர். கையில் பொருள் தாராளமாக உள்ளவர்களின் கல்வி என்று அது பொருள்பட்டுவிடும் (வரலாற்றை நோக்கின் அப்பொருளும் முற்றிலும் தவறன்று). 'கலைக்கல்வி' என்பது பி.ஏ. பட்டத்தோடு நின்றுவிடுகிறது. இக்கட்டுரையில் 'பரந்த கல்வி' என்றே வழங்குவோம். மூலமான இலத்தீன் சொல்லுக்குச் 'சுதந்திர மனிதனுக்கு ஏற்றது' என்பது பொருள். அடிமையும் கைத்தொழிலாளியும் கற்பது ஒன்று. பிறருக்கு ஏவல் செய்யத் தேவையில்லாதவன் கற்பது மற்றொன்று. இலக்கணம், தருக்கம், அணியியல் என்ற மூன்றும், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற நான்கும் சேர்ந்த ஏழு கலைகளை இடைக்கால ஐரோப்பா சுதந்திர மனிதனின் பாடத்திட்டமாக வகுத்தது.

நம் மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு இப்பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. லக்னோ ஃபிரங்கி மஹலின் முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமியில் ஸர்ஃபும் நஹ்வும் இலக்கணத்துக்கு, மன்திக் தருக்கத்துக்கு, பலாகா அணியியலுக்கு. கணிதத்துக்கும் வடிவியலுக்கும் வானியலுக்கும் அதில் இடமிருந்தது. இசை ஒன்றே இல்லை. தருக்கத்தில் தொடக்கநிலை மாணவன் கையிலெடுக்கும் 'ஈஸாகோஜி' என்னும் சிறுநூலின் பெயரே கிரேக்கச் சொல். மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவ ஆசிரியர் பார்ஃபிரியின் நூற்பெயரை அபஹரி தம் அரபு நூலுக்குச் சூட்டினார். யூக்ளிடின் வடிவியலை நம் முன்னோர் கற்றது நஸீருத்தீன் தூஸியின் 'தஹ்ரீர்' வழியாக. 'தஹ்ரீர்' என்ற அரபுச் சொல்லுக்கு ஒரு நூலைச் செம்மைப்படுத்தி எழுதுதல் என்றும், அடிமையை விடுவித்தல் என்றும் இரு பொருளுண்டு. இரண்டும் 'ஹுர்ரு', அதாவது சுதந்திரமானவன் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இலத்தீனத்தார் கல்வியையும் விடுதலையையும் இணைத்தது போலவே அரபியரும் எழுத்தையும் விடுதலையையும் ஒரு சொல்லில் முடிந்து வைத்துள்ளனர்.

இக்கல்வி வடநாட்டோடு நின்றுவிடவுமில்லை. முல்லா நிஜாமுத்தீனின் மகனார், 'பஹ்ருல் உலூம்' எனப் புகழ்பெற்ற மௌலானா அப்துல் அலீ (ரஹ்), ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்து போதித்து, 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியுள்ளார்கள். கிரேக்கத் தருக்கமும் இந்திய ஃபிக்ஹும் தமிழ்மண்ணில் ஒரே ஆசிரியரின் நாவிலிருந்து வெளிப்பட்ட காலம் அது.

காஞ்சியின் கதவுகள்

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்றதற்கு முன்பே கல்விக்குப் பெயர்பெற்றது. கடம்ப அரசைத் தோற்றுவித்த மயூரசர்மன், தன் குருவுடன் பல்லவர் தலைநகருக்கு வந்து அங்கிருந்த கடிகையில் கற்கப் புகுந்ததைக் கர்நாடகத்துத் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. குதிரைவீரன் ஒருவனோடு ஏற்பட்ட பூசலால் படிப்பை விட்டு வாளை எடுத்தான் என்பதும் அக்கல்வெட்டின் செய்தியே. (மாணவர் பூசல் ஓர் அரச வம்சத்தைத் தோற்றுவித்தது அந்த ஒரு முறைதான் போலும்!) எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் அரியணை ஏறிய நிகழ்ச்சியைக் காட்டும் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பங்களின் கீழுள்ள வாசகங்களில், அமைச்சர்களோடு கடிகையாரும் இடம்பெறுகின்றனர். அரசனைத் தேர்வதில் கற்றோர் அவைக்குக் குரல் இருந்தது.

ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பல்லாயிரம் துறவியரும் இருந்ததாக எழுதியுள்ளார். நாளந்தாவின் தலைமை ஆசிரியராய் விளங்கிய தர்மபாலர் பிறந்த ஊர் இதுவே என்றும் அவர் குறிப்பிட்டார். அதே நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காபாலிகனும் பௌத்தத் துறவியும் பாசுபதனும் காஞ்சித் தெருவில் வழக்காடுவதை நகைச்சுவையாகக் காட்டுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் நிறைவும் இந்நகரிலேதான். வஞ்சியில் சமயக் கணக்கர் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த மணிமேகலை, காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அளவையியலை, நம் மொழியில் சொன்னால் மன்திக்கை, கற்கிறாள். பிறர் சமயத்தை அவர்கள் வாயாலேயே கேட்ட பின்னரே தன் நெறியை உறுதிசெய்துகொள்ளும் ஒரு பெண்ணை நடுவிற்கொண்டு ஒரு காப்பியம் தமிழில் இயற்றப்பட்டிருக்கிறது என்பது சாதாரணச் செய்தியன்று. நம் அரபுக் கல்லூரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதில்லை.

எனினும் கடிகையின் கதவு யாருக்குத் திறந்தது? வேலூர்ப்பாளையச் செப்பேடு அதை இருபிறப்பாளரின் கடிகை என்றே குறிக்கிறது. அதே நகரில் தறியிட்டு வாழ்ந்தோருக்கு அங்கே இடமில்லை. கோயிலுக்கும் அரசவைக்கும் துணி நெய்தவனின் மகன், கோயிலிலும் அவையிலும் பேசப்பட்ட நூலைத் தொட இயலாது. இது காஞ்சிக்கு மட்டும் உரிய குற்றமன்று. ஏதென்ஸின் கல்விக்கூடங்கள் அடிமைகளின் உழைப்பின் மீது நின்றன.

இங்கே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ஒரு கருத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலின் முதற் பகுதியான கிதாபுல் இல்மில், சமூகத்தின் மீது கூட்டாகக் கடமையான ஃபர்ளு கிஃபாயா அறிவுகளை அவர்கள் எண்ணிக் காட்டுகிறார்கள். மருத்துவமும் கணக்கும் அவற்றுள் அடங்கும் என்ற பின்னர், இதைக் கேட்டு வியக்க வேண்டாம் என்று கூறி, உழவையும் நெசவையும் அரசியல் நிர்வாகத்தையும் அதே வரிசையில் வைக்கிறார்கள். தையலும் இரத்தம் குத்தியெடுக்கும் தொழிலுங்கூட அப்பட்டியலில் வருகின்றன. ஆடை நெய்வதும் நாட்டை ஆள்வதும் ஒரே சொற்றொடரில், ஒரே கடமையின் கிளைகளாக! சுதந்திர மனிதனின் கல்வி, ஏவலாளியின் தொழில் என்று கிரேக்க மரபு இட்ட கோட்டை அவ்விடத்தில் இமாமவர்கள் அழித்துவிடுகிறார்கள். ஆனால் நடைமுறையில் முஸ்லிம் சமூகங்களும் அக்கோட்டை மீண்டும் வரைந்துகொண்டன என்பதை மறைப்பதற்கில்லை. நெசவாளரையும் நாவிதரையும் தாழ்த்திப் பேசும் வழக்கம் வடஇந்திய முஸ்லிம்களின் 'அஷ்ராஃப்' குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தது.

தறியடியில் குழந்தை

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, உடலுக்கு ஓடும் ஊடை கரைக்குள் செல்லாது. கரைக்குத் தனி நாடா ஓடும். நெசவாளர் ஒருவரால் மட்டும் இதைச் செய்ய முடியாது. தறியின் மறுபக்கம் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பல தலைமுறைகளாக ஒரு குழந்தை. தன் வீட்டுத் தறியாயின் தன் பிள்ளை. பிறர் தறியாயின், முன்பணம் பெற்ற பெற்றோர் அக்கடனுக்கு ஈடாக அனுப்பிய பிள்ளை. 2003ஆம் ஆண்டு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதன்பின் சிறப்புப் பள்ளிகளும் நிர்வாகத்தின் கண்காணிப்பும், ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசமைப்புத் திருத்தமும், 2009ஆம் ஆண்டின் சட்டமும் சேர்ந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றின.

மாற்றியது நன்று. ஆனால் தறியடியிலிருந்து எழுந்த குழந்தையை எதற்காகப் பள்ளிக்கு அழைத்தோம் என்ற வினா மிச்சமிருக்கிறது. தறியைவிட நல்ல கூலி தரும் வேலைக்காக என்பதே பெரும்பாலோரின் விடை. அவ்விடையை எள்ளி நகையாடும் உரிமை மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர்களாகிய நமக்கு இல்லை. கடன்பட்ட வீட்டில் முதற் பட்டதாரி வேலைக்குப் போவதும் ஒரு விடுதலையே. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் நூற்றுக்கு 28.4, தமிழகத்தில் 47. இவ்வுயர்வுக்குப் பின்னால் இருப்பது வேலை குறித்த கனவுதான்.

ஆனால் வேலை மட்டுமே நோக்கமாகும்போது கல்வி எவ்வளவு விரைவில் பழையதாகிவிடுகிறது என்பதையும் இதே வட்டாரம் கண்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, பல்லாயிரம் இளைஞருக்கும் இளம்பெண்களுக்கும் வேலை தந்து, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. எட்டே ஆண்டுகள். அந்த ஓர் ஆலைக்கென்று பழகிய கைத்திறன் அதன் வாயிற்கதவோடு மூடிக்கொண்டது. புதிதாக ஒன்றைக் கற்கும் திறன், ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் திறன், தன் வழக்கைப் பிறர்முன் எடுத்துரைக்கும் திறன் ஆகியவை கைவசம் உள்ளவரே அத்தகைய வேளையில் நிலைகுலையாது நிற்பர். இலக்கணமும் தருக்கமும் அணியியலும் தருவது வேறென்ன?

பச்சையப்பர் முதல் நம் கல்லூரிகள் வரை

ஆங்கிலேயர் காலத்தைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். 1835 பிப்ரவரியில் மெக்காலே எழுதிய குறிப்பு, கல்கத்தா மத்ரஸாவுக்கும் சமஸ்கிருதக் கல்லூரிக்கும் அளிக்கப்பட்ட உதவிப்பணத்தைக் கடுமையாகச் சாடியது. தமக்கு அரபும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொண்ட பின்னரே அவர் அவ்விலக்கியங்களின் மதிப்பை அளந்தார். அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பளிக்கலாகாது என்பதே பரந்த கல்வியின் முதற்பாடம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் பட்டங்கள் அரசுப் பணிக்கு அனுமதிச் சீட்டாயின. பின்னாளில் அப்பல்கலைக்கழகமே 'அஃப்ஸலுல் உலமா' பட்டத்தையும் வழங்கி, மத்ரஸாவில் ஓதியவர் அரசுப் பள்ளியில் ஆசிரியராகும் வழியைத் திறந்துவிட்டது என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

நம் பொருளுக்கு மிகவும் பயன்படுவது பச்சையப்பர் அறக்கட்டளையின் வரலாறே. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் அறங்களுக்கென விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் நெடுங்கால வழக்குகளுக்குப் பின் மிகுந்து நிற்க, அம்மிகுதி கல்விக்குத் திருப்பப்பட்டு 1842இல் சென்னையில் கல்வி நிலையமாயிற்று, 1889இல் கல்லூரியானது. மிஷனரிப் பள்ளிகள் பெருகிய அக்காலத்தில், நம் பிள்ளைகள் நம் சமயத்தில் நிலைத்துநின்றே ஆங்கிலக் கல்வி பெற வேண்டும் என்ற அச்சமும் ஆவலும் அதன் தோற்றத்தில் கலந்திருந்தன. 1947 வரை இந்து மாணவர்க்கு மட்டுமே அங்கு இடமளிக்கப்பட்டது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவிய நம் முன்னோரின் மனத்திலும் ஏறக்குறைய அதே அச்சமும் அதே ஆவலுமே இருந்தன. ஆகவே பச்சையப்பர் கல்லூரியின் அந்த வேலியைக் குறைகூறும் முன், நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

அவ்வறக்கட்டளையின் காஞ்சிபுரம் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், நெசவாளர் வீட்டில் 1909இல் பிறந்த சி.என். அண்ணாதுரை. வறுமையால் இடையில் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சிறிது காலம் பணிபுரிந்து, மீண்டும் படிப்புக்குத் திரும்பி, சென்னைப் பச்சையப்பர் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்றார். 1967இல் மாநிலத்தின் முதலமைச்சரானார். கடிகையின் கதவு மூடப்பட்டிருந்த சமூகத்தின் மகன் ஒருவர், உத்திரமேரூர்க் கல்வெட்டு வேண்டிய வேதப் பயிற்சி இல்லாமலே ஆட்சிக்கு வந்தார். எழுத்தர் வேலைக்குப் போதுமான கல்வியோடு அவர் நின்றிருந்தால் அது நடந்திராது. அவரது பேச்சிலும் எழுத்திலும் உலக வரலாறு ஓயாது எடுத்துக்காட்டாக வந்ததற்கு அந்தப் பரந்த படிப்பே ஊற்று. அவர் அரசியலோடு உடன்படாதவரும் இதை மறுக்கமாட்டார்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகள் கல்லூரிகளின் நோக்கத்தையே மாற்றின. பச்சையப்பர் கல்லூரி வேலியை எடுத்தது. அதே 1947இல் காஞ்சியிலும் அதன் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும், அதே ஆண்டில் நீதிபதி பஷீர் அஹமது ஸயீது அவர்களின் முயற்சியால் சென்னையில் மகளிர் கல்லூரியும் தோன்றின. அரசமைப்பின் 30ஆவது விதி சிறுபான்மையினர்க்குத் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அரசின் பொருளுதவி பெறும் நிலையத்தில் சமயம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் எவர்க்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது 29ஆவது விதி. இவ்விரண்டுக்குமிடையே உள்ள இழுபறியை 2002 அக்டோபரில் டி.எம்.ஏ. பை வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு ஆராய்ந்தது. 2024 நவம்பரில் அலிகார் வழக்கில், 1967ஆம் ஆண்டின் அஜீஸ் பாஷா தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் விலக்கியதும் அதே இழுபறியின் தொடர்ச்சியே.

நீதிமன்றத்தில் என்ன நடந்தாலும், வகுப்பறையில் நடந்தது அழகானது. இஸ்லாமியாக் கல்லூரியில் கவிக்கோ அப்துல் ரகுமானிடமும், புதுக்கல்லூரியில் கவிஞர் இன்குலாபிடமும் தமிழ் கற்றுச் சென்ற இந்து, கிறிஸ்தவ மாணவர்கள் எத்தனையோ பேர். எட்டயபுரம் அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார் என்ற மரபின் மறுபக்கம் இது.

தஆருஃப்

அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 13ஆம் வசனம், மனிதர் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்று உணர்த்துகிறது. அங்கே வரும் வினைச்சொல்லின் மூலம் 'தஆருஃப்'. ஸர்ஃபு ஓதிய மாணவன் அறிவான், இது 'தஃபாஉல்' என்னும் வாய்பாடு. செயல் இருதரப்பிலிருந்தும் நிகழ்வதைக் காட்டுவது. நாம் பிறரை அறிவது மட்டும் தஆருஃப் ஆகாது. பிறர் நம்மை அறிய நாம் இடங்கொடுப்பது மட்டும் ஆகாது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். பன்மைச் சமூகத்தின் மக்களாட்சியில் பரந்த கல்வியின் புதிய நோக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே. வாக்குச்சாவடியில் என் அண்டை வீட்டாரின் வாக்கு என் வாழ்வையும் என் வாக்கு அவர் வாழ்வையும் முடிவு செய்கிறது. அவர் எதை அஞ்சுகிறார், எதைப் போற்றுகிறார் என்பதை நான் வதந்தியிலிருந்தும் கைப்பேசிச் செய்திகளிலிருந்தும் மட்டும் அறிந்திருப்பேனாயின், அவரும் என்னை அவ்வாறே அறிந்திருப்பாராயின், நாமிருவரும் ஆளத் தகுதியற்றவர்களாகவே ஆண்டுகொண்டிருப்போம்.

விடுதலைக்குப்பின் அமைந்த முதற் பல்கலைக்கழகக் குழு இதை உணர்ந்திருந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமர்ந்து 1949இல் அறிக்கை அளித்த அக்குழு, பட்டப்படிப்பின் முதலாண்டில் புத்தர், ஈசா (அலை), நபிகள் நாயகம் (ஸல்), சங்கரர், கபீர், நானக் முதலான பெரியோரின் வரலாறுகளும், இரண்டாமாண்டில் பல சமய வேதங்களின் பகுதிகளும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவமும் கற்பிக்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தொழிற்கல்வியும் தேர்வும் பெருகிய வேகத்தில் அப்பரிந்துரை ஏட்டளவில் நின்றது. அரசு நிதியில் இயங்கும் நிலையங்களில் சமயப் போதனை கூடாது என்னும் 28ஆவது விதியின் மீதான தயக்கமும் ஒரு காரணம். 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று பிரித்துக்காட்டியது. அவ்வழக்கின் பின்னணியிலிருந்த பாடத்திட்டச் சர்ச்சையில் நமக்கு ஐயங்கள் உண்டு. பெரும்பான்மையின் சமயமே 'பண்பாடு' என்ற பெயரில் நுழையுமோ என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் அப்பிரிப்பு சரியானதே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பரந்த கல்வியைப் பெரிதாகப் பேசுகிறது. பழைய நாளந்தாவும் தட்சசீலமும் அதில் நினைவுகூரப்படுகின்றன. பஹ்ருல் உலூமின் மத்ரஸாவையும் அந்நினைவோடு சேர்த்துப் படிப்பதே பன்மைக்கு அழகு.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். சச்சார் குழு 2006இல் காட்டியபடி, பள்ளி வயது முஸ்லிம் மாணவர்களில் மத்ரஸாவில் பயில்வோர் நூற்றுக்கு நால்வர் அளவிலேயே. ஏனையோர் பொதுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உள்ளனர். எனவே சமூகத்தின் அறிவு எதிர்காலம் நம் கலைக் கல்லூரிகளில்தான் முடிவாகிறது. அக்கல்லூரிகள் பலவற்றில் வாரத்தில் சில பாடவேளைகள் சமயக் கல்விக்கென ஒதுக்கப்படுகின்றன. மணி அடித்ததும் முஸ்லிம் மாணவர்கள் தீனிய்யாத் வகுப்புக்கும், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் எழுந்து செல்வர். மற்ற பாடங்களிலெல்லாம் ஒரே வாங்கில் அமர்ந்தவர்கள், ஒருவரையொருவர் அறியக்கூடிய அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் பிரிகிறார்கள். நபிகளாரின் வாழ்வைப் பற்றி இந்து மாணவன் மூன்றாண்டுகள் முஸ்லிம் கல்லூரியில் படித்தும் ஒன்றும் அறியாமல் பட்டம் பெறுகிறான். முஸ்லிம் மாணவனோ அதே ஊரின் கோயிற் கல்வெட்டு எதைச் சொல்கிறது என்பதை அறியாமலே வெளியேறுகிறான். தீனிய்யாத் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. நம் பிள்ளைக்கு நம் மார்க்கத்தைக் கற்பிக்கவே கல்லூரி கண்டோம். ஒருவர் இசைவின்றி அவருக்குச் சமயப் போதனை அளிக்கலாகாது என்று 28ஆவது விதியின் மூன்றாம் பிரிவும் கட்டளையிடுகிறது. ஆனால் வாரத்தில் ஒரு பாடவேளையாவது இரு வகுப்பும் ஒன்றாக அமர்ந்து, சமயங்களைப் பற்றிக் கற்கும் நேரமாக அமையக்கூடாதா?

இவ்வாறு சொன்னதும் எழும் மறுப்பை அறிவோம். பிற சமயக் கொள்கைகளை இளைஞர்க்குக் கற்பித்தால் ஈமான் ஆட்டம் காணும் என்பர் சிலர். இது அலட்சியப்படுத்தத்தக்க அச்சமன்று; பொறுப்புள்ள உலமாக்களின் அக்கறையிலிருந்து பிறப்பது. ஆனால் நம் முன்னோர் நடந்துகாட்டிய வழி வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுத்து 'தஹாஃபுத்' எழுதும் முன், அவர்கள் கொள்கையை அவர்களே சொல்வது போல் 'மகாஸித்' என்னும் நூலில் எடுத்துரைத்தார்கள். அந்நேர்மை எத்தகையதெனில், இலத்தீனில் 'மகாஸிதை' மட்டும் படித்த ஐரோப்பியர் பலர் இமாமவர்களையே தத்துவவாதி என எண்ணிக்கொண்டனர்! அல்பீரூனி சமஸ்கிருதம் கற்று, ஏறக்குறைய 1030இல், இந்துக்களின் கொள்கையை வாதத்துக்காக அல்லாமல் உள்ளபடி எழுதினார். ஷஹ்ரஸ்தானி 'அல்மிலல் வந்நிஹல்' நூலில் ஒவ்வொரு பிரிவினரின் கருத்தையும் அவரவர் நூல்களில் உள்ளவாறே, சார்பின்றித் தருவதைத் தமக்கு நிபந்தனையாக விதித்துக்கொண்டார். சதாவதானி செய்குத் தம்பிப் பாவலர் (1874-1950) வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சைவர்களின் உட்பூசலில் அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டார். அதனால் அவர் ஈமான் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

அண்டை நாட்டில் ஒரு முன்மாதிரியும் உண்டு. இலங்கை பேருவளையில் 1973இல் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா, அரபு, ஷரீஆ கல்வியோடு பல்கலைக்கழகப் பட்டக் கல்வியையும் ஒரே மாணவனுக்கு அளித்துவருகிறது. அதன் பட்டதாரிகள் பல்லின நாடொன்றின் பொதுவாழ்வில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தம் சமூகத்தை எடுத்துரைப்பதைக் காண்கிறோம்.

பாடம் எதுவாக இருக்கலாம்? முதற் பருவத்தில் மணிமேகலையின் சமயக் கணக்கர் பகுதியும், அல்பீரூனியின் முன்னுரையும். அடுத்த பருவத்தில் சீறாப்புராணத்தின் ஒரு படலம். அதைக் கம்பனோடு ஒப்பிட்டு நடத்தத் தமிழ்த்துறையினர் நம் கல்லூரிகள் எங்குமே உளர். உத்திரமேரூர்க் கல்வெட்டையும் அரசமைப்பின் முகவுரையையும் அருகருகே வைத்து வரலாற்றுத்துறையினர் ஒரு வகுப்பு எடுக்கலாம். மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கல்வெட்டின் முன்பே நிறுத்துவது அதனினும் மேல். தேர்வு வேண்டாம் என்பது நம் கருத்து. மதிப்பெண் என்று வந்துவிட்டால் உரைநூல் வந்துவிடும். உரைநூல் வந்தபின் மூலத்தை எவரும் தொடுவதில்லை. ஆசிரியரைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அரபுத்துறையும் தமிழ்த்துறையும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். தமிழகத்து முஸ்லிம் கல்லூரிகளில் மூத்தவை பலவும் தன்னாட்சித் தகுதி பெற்றவை. பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்பவை. வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணை வரையப்படும்போதே அந்த ஒரு மணி நேரத்தை எடுத்து வைக்கலாம்.